பாதி ஆன்மா, ஒரு கத்தரிக்கோல், லண்டன் கல்யாணச் சந்தை!

பத்து வயதுச் சிறுமி ஒருத்தி காட்டில் தனியாக நிற்கிறாள். எதிரே பெரிய இடத்து மனிதர்போல உடுத்திய ஒருவர். ‘உன் அம்மா எனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறாள், அதை வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறேன்’ என்கிறார். வாக்கு என்பது அந்தச் சிறுமிதான். அவளுடைய ஆன்மாவை உருவத் தொடங்குகிறார். பாதி உருவியிருப்பார், அதற்குள் அவளுடைய ஒன்றுவிட்ட சகோதரி ஓடி வந்து, தையல் கத்தரிக்கோலை அவர் காலில் ஓங்கிக் குத்திவிடுகிறாள். கத்தரிக்கோல் இரும்பு. வந்தவர் ஃபேரி. ஃபேரிகளுக்கு இரும்பு ஆகவே ஆகாது. அலறிக்கொண்டு போய்விடுகிறார். எடுத்த பாதியைத் திருப்பிக் கொடுக்காமலே!

ஒலிவியா அட்வாட்டர் எழுதிய ‘ஹாஃப் எ சோல்’ நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. கனடாவைச் சேர்ந்த அட்வாட்டர், 2020-ல் இதைச் சொந்தமாகவே வெளியிட்டார். வாசகர்கள் ஒருவர் சொல்லி ஒருவர் படித்ததில் புத்தகம் பரவ, 2022-ல் ஆர்பிட் என்ற பெரிய பதிப்பகம் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. காதல், மாயாஜாலம், கொஞ்சம் சிரிப்பு, ராத்திரி படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்கிற ரகத்தில் இதைச் சேர்த்துவிட்டார்கள். அது பாதிதான் உண்மை. தூக்கம் கொஞ்சம் தள்ளிப்போகும்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விளக்கம். ‘ஃபேரி’ என்றதும் தமிழில் ‘தேவதை’ என்று எழுதிவிடுகிறோம். வெள்ளை உடை, பட்டாம்பூச்சி இறக்கை, கையில் நட்சத்திரம் வைத்த குச்சி என்று மனதில் ஒரு படமும் வந்துவிடுகிறது. அந்தப் படம் பிற்காலத்துக் குழந்தைப் புத்தகங்களும் சினிமாவும் கொடுத்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து கிராமத்து மக்கள் பயந்த ஃபேரிகளுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அவர்கள் மனித உயரத்தில், மனிதர்களைப்போலவே, மலைக்கு அடியிலோ மேட்டுக்கு உள்ளேயோ குடும்பம் நடத்துகிறவர்கள். அழகானவர்கள், சொன்ன சொல்லை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொள்கிறவர்கள், கோபம் வந்தால் மாட்டையும் குழந்தையையும் கொண்டுபோய்விடுகிறவர்கள். அவர்கள் கொடுக்கும் சாப்பாட்டைத் தொட்டால் வீடு திரும்ப முடியாது. பேரைச் சொல்லிக் கூப்பிடவே பயந்து, ‘நல்லவர்கள்’, ‘பெரிய மனிதர்கள்’ என்று பவ்யமாகக் குறிப்பிடுவார்கள். ஆக, ‘தேவதை’ என்ற வார்த்தை இங்கே ஒட்டாது. ஃபேரி என்றே வைத்துக்கொள்வோம்.

இதெல்லாம் படிக்காத கிராமத்தாரின் கதை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்காட்லாந்தின் அபர்ஃபாயில் என்ற ஊரில் பாதிரியாராக இருந்த ராபர்ட் கிர்க், 1690-களின் தொடக்கத்தில் ஃபேரிகளைப் பற்றி ஒரு முழு ஆய்வே எழுதி வைத்தார். 1692-ல் அவர் இறந்தபோது, ரகசியத்தை வெளியில் சொன்னதால் ஃபேரிகள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஊர் பேசியது. அந்தக் கையெழுத்துப் பிரதியை 1815-ல் அச்சில் கொண்டுவந்தவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். அட்வாட்டரின் நாவல் நடப்பதும் கிட்டத்தட்ட அந்தக் காலத்தில்தான்.

அரசர் மூன்றாம் ஜார்ஜுக்கு மனநிலை சரியில்லாமல் போய், மகன் பொறுப்பு அரசராக இருந்த 1811 முதல் 1820 வரையிலான வருடங்களை ‘ரீஜென்சி’ காலம் என்கிறார்கள். ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ 1813-ல் வந்தது. அந்த உலகத்தை நூறு வருடங்களுக்கும் மேல் கழித்துக் காதல் கதைகளின் நிரந்தர மேடையாக ஆக்கியவர் ஜார்ஜெட் ஹேயர். 2004-ல் சூசன்னா கிளார்க், ‘ஜொனாதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நாரெல்’ நாவலில் அதே மேடையில் மந்திரவாதிகளையும் ஃபேரியையும் இறக்கினார். எழுநூறு பக்கங்களுக்கு மேல், அடிக்குறிப்புகளோடு! அட்வாட்டருக்கு அந்தப் பேராசை இல்லை. அவருடைய புத்தகம் ஒல்லி. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு ஆரம்பித்தால் ராத்திரிக்குள் முடித்துவிடலாம்.

டோரா என்கிற தொந்தரவு

பாதி ஆன்மாவோடு வளர்ந்த அந்தச் சிறுமிதான் தியோடோரா எட்டிங்ஸ். எல்லோருக்கும் டோரா. பயம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. வெட்கம் வராது. சந்தோஷம்கூட எங்கோ தூரத்தில் கேட்கிற மணிச்சத்தம் மாதிரிதான். முட்டாள் இல்லை, நன்றாகவே யோசிக்கிறாள். ஆனால், நாலு பேர் இருக்கிற இடத்தில் எதைச் சொல்லக் கூடாது என்று மற்ற பெண்களுக்கு உள்ளுக்குள் ஒரு மணி அடிக்குமே, அந்த மணி இவளுக்கு அடிப்பதில்லை. மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுகிறாள்.

அந்த வீட்டில் அவளை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. அவளை வளர்க்கும் ஃபிரான்செஸ் அத்தை செய்வது வேறு. வருகிற விருந்தாளி முன்னால் டோரா வாயைத் திறந்தால் முகம் சுளிக்கிறார். அவளை முடிந்தவரை ஓர் ஓரத்தில் வைக்கப் பார்க்கிறார். டோராவின் பிரச்னை டோராவுக்குக் கஷ்டமா என்று அவர் கேட்பதே இல்லை. தன் மகளின் கல்யாணத்துக்கு இடைஞ்சலா என்பதுதான் அவருடைய ஒரே கவலை. நாவலின் மிகச் சரியான பாத்திரம் இந்த அத்தைதான். மாயம், மந்திரம் எதுவும் தேவையில்லாமல் இவரை நமக்குத் தெரியும்.

அந்த மகள் வனெஸாதான் கத்தரிக்கோல் பெண். அழகி, அமைதியானவள், எல்லோருக்கும் பிடித்தவள். இந்த மாதிரிக் கதைகளில் கதாநாயகியின் அழகான சகோதரி பொறாமைக்காரியாகவோ, தலைக்கனம் பிடித்தவளாகவோ இருப்பாள். அட்வாட்டர் அந்தப் பக்கம் போகவில்லை. லண்டனுக்கு டோரா வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று வனெஸா ஒற்றைக்காலில் நிற்கிறாள். மாப்பிள்ளை தேடுவதாக அம்மா நினைத்துக்கொண்டிருக்க, மகள் தேடிப் போவது டோராவுக்கு வைத்தியம். தான் குத்திய கத்தரிக்கோலை டோராவுக்கே கொடுத்திருக்கிறாள். டோரா அதை உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறாள்.

லண்டன் ‘சீசன்’ என்பது வசந்த காலத்தில் தொடங்கும் கல்யாணச் சந்தை. பெரிய குடும்பங்கள் கிராமத்து மாளிகைகளைப் பூட்டிவிட்டு நகரத்துக்கு வந்துவிடுவார்கள். தினமும் நடனம், விருந்து, வண்டியில் பூங்காவைச் சுற்றுவது. எல்லாவற்றுக்கும் நடுவில் யாருக்கு எவ்வளவு வருமானம், யார் மூத்த மகன், யாருடைய பெண்ணுக்கு என்ன சீர் என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

டோராவுக்கும் ஒரு மாப்பிள்ளை யோசிக்கிறார்கள். ஆல்பர்ட் என்ற மருத்துவர். நல்ல குடும்பம், நெப்போலியனுக்கு எதிரான போரில் ஒரு கையை இழந்தவர். அதாவது, பெரியவர்களின் கணக்கில், கையில் குறை உள்ள பையனுக்கு மனதில் குறை உள்ள பெண் சரியாகப்போயிற்று! இந்த இடத்தை ஆசிரியர் சிரிப்பாகத்தான் எழுதியிருக்கிறார். படிக்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு பாதியில் நின்றுபோகிறது. இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் குறையைக் குறையால் கழிக்கிற இந்தக் கணக்கைப் போடாத ஊர் உலகத்தில் எங்காவது இருக்கிறதா?

ஆல்பர்ட்டின் நண்பர்தான் கதாநாயகன் எலியாஸ் வைல்டர். அரசாங்கத்தின் தலைமை மந்திரவாதி, ‘லார்ட் சோர்சியர்’ என்பது பதவியின் பெயர். மாளிகைக்காரர்களைக் கண்டாலே எரிந்து விழுகிறவர். லண்டனில் இவரைப் பிடிக்காதவர்கள் பட்டியல் நீளம். டோராவுக்கு வெட்கமும் பயமும் கிடையாது என்பதால், இவர் எரிந்து விழுந்தாலும் அவளுக்கு ஒன்றும் ஆவதில்லை, பதிலுக்குப் பதில் சாவதானமாகப் பேசுகிறாள். இந்த இரண்டு பேரும் பேசிக்கொள்ளும் பக்கங்கள்தான் புத்தகத்தின் விருந்து. டோராவின் நிலைமையை முதலில் அடையாளம் கண்டுகொள்கிறவரும் இவர்தான்.

உண்மையைச் சொன்னால் எலியாஸ் கொஞ்சம் பழகிய வார்ப்பு. வெளியே முரடு, உள்ளே வெல்லப்பாகு. இப்படிப்பட்ட கதாநாயகர்களை ஆயிரம் பேரைப் பார்த்தாயிற்று. இவரைக் காப்பாற்றுவது இவருடைய கோபத்துக்குக் கொடுக்கப்பட்ட காரணம். கதை கொஞ்சம் கொஞ்சமாக நடன அரங்கிலிருந்து வெளியே வந்து, லண்டனின் இன்னொரு கட்டடத்துக்குள் நுழைகிறது. ‘வொர்க்ஹவுஸ்’ என்று அதற்குப் பெயர்.

தூங்கிவிடும் குழந்தைகள்

வேலையில்லாதவர்கள், முதியவர்கள், நோயாளிகள், கைவிடப்பட்ட குழந்தைகள் என்று போக்கிடம் இல்லாத எல்லோரையும் அந்தந்த வட்டார நிர்வாகம் ஒரே கூரையின் கீழ் அடைத்து, சோறு போட்டு, பதிலுக்கு வேலை வாங்கிய இடம் அது. ஆல்பர்ட் அங்கே வைத்தியம் பார்க்கப் போகிறார், டோராவும் கூடப் போகிறாள். அங்கே குழந்தைகள் சிலர் தூங்கிப்போகிறார்கள். திரும்ப எழுந்திருப்பதே இல்லை. மருத்துவருக்குப் புரியவில்லை, மந்திரவாதிக்கும் புரியவில்லை. நடன அரங்குகளில் இதைப் பற்றி யாருக்கும் கவலையும் இல்லை.

டோரா அங்கே நிற்கிற காட்சிகள் முக்கியமானவை. சுற்றியிருக்கிறவர்கள் கண்கலங்குகிறார்கள் அல்லது மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியேறுகிறார்கள். அவளுக்கு இரண்டும் வருவதில்லை. அதனாலேயே அங்கேயே நின்று, செய்ய வேண்டியதைச் செய்கிறாள். கண்ணீர் வந்தால்தான் இரக்கம் என்று யார் சொன்னது என்ற கேள்வி அந்தப் பக்கங்களில் இருக்கிறது. ஆசிரியர் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை, அதுவே நல்லதாகப் போயிற்று.

ஃபேரி எதற்கு இதில் வருகிறார், தூக்க நோய்க்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்பதைச் சொன்னால் கதை உடைந்துவிடும். ஒன்றை மட்டும் சொல்லலாம். டோராவின் பாதியை எடுத்துப்போன ஹாலோவேல் பிரபுவுக்கு இங்கிலாந்து கனவான்கள் மீது அபார மரியாதை. அவர்கள் எதைச் செய்தாலும் அதேபோலச் செய்து பார்க்கிறார். அச்சு அசலாகச் செய்கிறார் என்பதுதான் பயங்கரமே.

இந்த இடத்தில் நாவலை மடித்து வைத்துவிட்டு, அந்தக் காலத்து லண்டனைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். காரணம் இருக்கிறது.

லண்டன் வொர்க்ஹவுஸ்களில் கைக்குழந்தைகள் இறந்துகொண்டே இருந்ததைப் பார்த்து, ஜோனாஸ் ஹான்வே என்பவர் வருடக்கணக்கில் போராடினார். அதன் பலனாக 1767-ல், அந்தச் சின்னக் குழந்தைகளை நகரத்துக்கு வெளியே அனுப்பி வளர்க்க வேண்டும் என்று ஒரு சட்டமே வந்தது. பிழைத்து ஏழெட்டு வயதுக்கு வந்த குழந்தைகளை என்ன செய்வது? வடக்கே புதிதாக எழுந்துகொண்டிருந்த பஞ்சாலைகளுக்குச் சின்னக் கைகள் தேவைப்பட்டன. தொழில் பழக அனுப்புகிறோம் என்ற பெயரில், வண்டி வண்டியாக அனுப்பினார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் ராபர்ட் பிளின்கோ. லண்டன் செயின்ட் பான்க்ராஸ் வொர்க்ஹவுஸில் இருந்த அநாதைச் சிறுவன். அப்பா, அம்மா யாரென்று தெரியாது. 1799-ல், ஏழு வயதுவாக்கில், நாட்டிங்ஹாம் பக்கத்து லோடம் ஆலைக்கு அனுப்பப்பட்டார். கூடவே எண்பது குழந்தைகள் அளவில் ஒரு கூட்டம். கிளம்புவதற்கு முன்னால் அந்தக் குழந்தைகளுக்குச் சொல்லப்பட்டது என்ன தெரியுமா? வறுத்த மாட்டிறைச்சியும் பிளம் புட்டிங்கும் சாப்பிடலாம், முதலாளியின் குதிரையில் சவாரி போகலாம், வெள்ளிக் கடிகாரம் கிடைக்கும், பை நிறையக் காசு இருக்கும்!

குழந்தைகள் ஆனந்தமாக வண்டி ஏறினார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் தண்ணியான கஞ்சியும் கறுத்த ரொட்டியும்தான் காத்திருந்தன. தினமும் பதினான்கு மணி நேரம்வரை எந்திரங்களுக்கு நடுவில் வேலை, தூங்கி விழுந்தால் அடி. பிளின்கோ தப்பித்து ஓடப் பார்த்தார், பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். 21 வயதுவரை ஒப்பந்தம். அவருடைய கதையை ஜான் பிரவுன் என்பவர் கேட்டு எழுத, 1828-ல் அது அச்சில் வந்தது.

விருந்துச் சாப்பாடு, குதிரை, வெள்ளி என்று ஆசை காட்டிக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போவது, போனால் திரும்ப முடியாதது, ஒரு சொல்லை வைத்து ஆயுளைக் கட்டிப்போடுவது... ஃபேரிகளைப் பற்றிப் பாட்டிமார்கள் சொன்ன அத்தனை எச்சரிக்கையும் இதில் இருக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான். இதற்கு முத்திரை குத்திய காகிதம் இருந்தது. 1802-ல் ஒரு சட்டம் ஆலைகளில் இந்தக் குழந்தைகளின் வேலையை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரமாகக் ‘குறைத்தது’. 1816-ல் வந்த இன்னொரு சட்டம், லண்டன் குழந்தைகளை நாற்பது மைலுக்கு அப்பால் அனுப்பக் கூடாது என்றது. அதாவது நாவலில் டோரா நடனமாடப் பழகிக்கொண்டிருக்கும் அதே வருடங்களை ஒட்டித்தான், பெற்றவர்கள் தேடி வர முடியாத தூரத்துக்குக் குழந்தைகளை அனுப்பலாமா, வேண்டாமா என்று நாடாளுமன்றம் யோசித்துக்கொண்டிருந்தது.

இதை வைத்துப் பார்த்தால் அட்வாட்டரின் நாவலில் ஒரு குறை தெரிகிறது. அவர் வொர்க்ஹவுஸைக் கோபத்தோடு எழுதுகிறார், சந்தேகமே இல்லை. ஆனாலும் தண்டிக்கத் தோதாகக் கதையில் ஒரு ஃபேரி கிடைத்துவிடுகிறார். குழந்தைகளில் ஓரிருவர் தவிர யாரும் முகமாக மாறுவதில்லை. நிஜத்தில் பிளின்கோவை வண்டியேற்றியவர்களைக் கத்தரிக்கோலால் குத்த முடியாது, அவர்கள் சட்டப்படிதான் எல்லாம் செய்தார்கள். கதை முடிகிற வேகத்தில் இந்தக் கேள்வி கொஞ்சம் காலடியில் சிக்கிக்கொண்டு விடுகிறது. இருந்தாலும் இந்த வகை நாவல்களில் பெரும்பாலானவை அந்தக் கட்டடத்தின் வாசலுக்குக்கூடப் போவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

‘இது எங்கள் குழந்தையே இல்லை!’

டோராவைப் படித்த பலர், குறிப்பாக ஆட்டிசம் உள்ள வாசகர்கள், ‘இது நான்தான்’ என்று சொல்லியிருக்கிறார்கள். உணர்ச்சி முகத்தில் தெரியாததால் உணர்ச்சியே இல்லை என்று முடிவுகட்டப்படுவது, எல்லோருக்கும் புரிகிற ஜாடை தனக்குப் புரியாமல்போவது, நேராகப் பேசியதற்குத் திட்டு வாங்குவது என்று அவர்கள் காட்டும் இடங்கள் நிறைய. நாவலில் ஆட்டிசம் என்ற வார்த்தையே கிடையாது. இருக்கவும் முடியாது, அந்தக் காலத்தில் அதற்குப் பெயர் இல்லை. ஆனால் வேறொரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் தெரிந்தால்தான் இந்த மென்மையான நாவல் எந்தப் பாதாளத்தின் மேல் பாலம் கட்டியிருக்கிறது என்பது புரியும்.

‘சேஞ்ச்லிங்’. மாற்றுக் குழந்தை. நல்ல குழந்தையை ஃபேரிகள் தூக்கிக்கொண்டு, அதே முகத்தோடு தங்களுடைய ஒன்றைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போவார்கள் என்பது நம்பிக்கை. எப்படிக் கண்டுபிடிப்பது? குழந்தை பேசாது, நடக்காது, சிரிக்காது, ஓயாமல் அழும், எவ்வளவு சாப்பிட்டாலும் தேறாது. இந்த அடையாளங்களைப் படிக்கிற இன்றைய அம்மா எவருக்கும் எந்த மருத்துவரிடம் போக வேண்டும் என்று தெரியும். சூசன் ஸ்கூன் ஈபெர்லி என்ற ஆய்வாளர் 1988-ல், மாற்றுக் குழந்தைக் கதைகளில் வரும் வர்ணனைகளை, பிறவியிலேயே வரும் குறைபாடுகளோடு ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டினார்.

நம்பிக்கை நம்பிக்கையாகவே நின்றிருந்தால் பரவாயில்லை. போலியை வதைத்தால் ஃபேரிகள் அசலைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்கள் என்ற அதன் இரண்டாவது பாதிதான் ஆபத்தானது. 1826-ல் அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்தில், மைக்கேல் லீஹி என்ற சின்னஞ்சிறுவனால் நிற்கவோ பேசவோ முடியவில்லை. உள்ளே இருக்கும் ஃபேரியை வெளியேற்ற, ஆன் ரோச் என்ற மூதாட்டி அவனைத் தொடர்ந்து மூன்று நாள் காலையில் ஃபிளெஸ்க் ஆற்றில் முக்கினார். மூன்றாம் நாள் வழக்கத்தைவிட அதிக நேரம். பையன் இறந்துவிட்டான். வழக்கு டிராலீ நீதிமன்றத்துக்கு வந்தது. கொல்லும் எண்ணம் இல்லை, குணப்படுத்தத்தான் பார்த்தார் என்று அவரை விடுவித்தார்கள்.

குழந்தைகளோடு இது நிற்கவில்லை. 1895-ல் அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்தில் பிரிட்ஜெட் கிளியரி என்ற 26 வயதுப் பெண் காய்ச்சலில் படுத்தார். தையல்காரர், தொப்பி செய்கிறவர். சொந்தமாகத் தையல் எந்திரம் வைத்து, கோழி வளர்த்து, தன் கையில் காசு புழங்க வாழ்ந்தவர். கணவர் மைக்கேல், ‘இவள் என் மனைவி இல்லை, ஃபேரிகள் மாற்றி வைத்துவிட்டார்கள்’ என்றார். மூலிகை புகட்டினார்கள். ‘நீ பிரிட்ஜெட்தானா?’ என்று கேட்டுக் கேட்டு மூன்று முறை பதில் சொல்லச் சொன்னார்கள். அவருடைய அப்பா, உறவுக்காரர்கள் எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள். மார்ச் 15-ம் தேதி இரவு கணவர் வைத்த தீயில் அவர் இறந்தார். அதன் பிறகும், பக்கத்துக் குன்றிலிருந்து தன் மனைவி வெள்ளைக் குதிரையில் வருவாள், இழுத்துப் பிடித்துவிட வேண்டும் என்று மைக்கேல் இரவுகளில் காத்திருந்தார். ஒரு வாரம் கழித்து உடல் கிடைத்தது. அவருக்கு இருபது வருடத் தண்டனை விதித்தார்கள், பதினைந்து வருடம் சிறையில் இருந்தார். ஐரிஷ் எழுத்தாளர் ஆஞ்சலா பூர்க் இதை 1999-ல் ஒரு முழுப் புத்தகமாக எழுதியிருக்கிறார். மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் அதைத் திறக்க வேண்டும்.

இப்போது டோராவுக்கு வரலாம். அட்வாட்டர் அந்தப் பழைய கதையின் மூட்டையை அப்படியே எடுத்து, ஒரே ஒரு முடிச்சை மாற்றிப் போட்டிருக்கிறார். பழைய கதையில் ‘வித்தியாசமான’ குழந்தை ஃபேரியின் ஆள். அசல் குழந்தை எங்கோ நலமாக இருக்கிறது, எதிரில் இருப்பது எதிரி. இந்த நாவலில் டோரா டோராதான். ஃபேரி அவளிடமிருந்து எடுத்தார், அவளுக்குப் பதிலாக எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை. மிச்சமிருக்கும் பாதியும் அவள்தான். வனெஸாவுக்கு அது முதல் நாளிலிருந்தே தெரியும். அவள் அந்த இரும்பைக் குத்தியது எடுக்க வந்தவனின் காலில். இருநூறு வருடங்களுக்கு முன்பு அயர்லாந்திலோ ஸ்காட்லாந்திலோ பிறந்திருந்தால் டோரா மாதிரி ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் இரும்பை யார், எந்த நோக்கத்தில் கொண்டுவந்திருப்பார்கள் என்று யோசித்தால், அந்த முதல் அத்தியாயம் சட்டென்று கனக்கிறது.

முடிவைப் பற்றி வாசகர்கள் இரண்டு கட்சியாகச் சண்டை போடுவதும் இதனால்தான். டோராவுக்கு மீதிப் பாதி கிடைக்க வேண்டுமா? கிடைத்தால், இத்தனை நாள் இருந்த டோரா சரியில்லாதவள் என்று ஆகிவிடாதா? கிடைக்காவிட்டால், அவளிடமிருந்து திருடப்பட்டது திருடப்பட்டதுதானா? அட்வாட்டர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். எல்லோரையும் அது திருப்திப்படுத்தாது. ஆனால் அதற்கு முன்னாலேயே, நாவலின் நடுவில், டோரா தன் உணர்ச்சிகளைப் பற்றி எலியாஸிடம் விளக்க முயலும் இடங்கள் இருக்கின்றன. தனக்கு எல்லாம் மெதுவாக, மெல்லியதாக, ஆனால் நீண்ட நேரம் நிற்கிற மாதிரி வருகிறது என்பதை அவளே கண்டுபிடிக்கிறாள். பதில் அங்கேயே பாதி கிடைத்துவிடுகிறது.

அரண்மனை வர்ணனை, மந்திரப் போர், சாம்ராஜ்ய அரசியல் எல்லாம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதில் ஆசிரியருக்கு அக்கறையே இல்லை. கடைசி ஐம்பது பக்கங்கள் அவசரம். ஆங்கிலம் எளிமை, ஆஸ்டின் காலத்து நடையைச் சாயல் காட்டுமே தவிர அகராதியைத் தூக்க வைக்காது. காதல் காட்சிகள் கண்ணியமாகவே போகின்றன. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் தாராளமாகப் படிக்கலாம். வொர்க்ஹவுஸ் அத்தியாயங்களைப் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்டால், வீட்டில் பெரியவர்கள் பதிலோடு தயாராக இருந்தால் போதும்.

இதே வரிசையில் இன்னும் இரண்டு நாவல்கள் இருக்கின்றன. இரண்டாவதான ‘டென் தவுசண்ட் ஸ்டிச்சஸ்’ மாளிகையின் பின்வாசல் வழியாக நுழைகிறது. அதன் கதாநாயகி எஃபி வீட்டு வேலைக்காரி, நன்றாக எம்பிராய்டரி போடுகிறவள். எஜமானர்கள் மேல் அவளுக்கு இருக்கும் கோபம் ஊசி வழியாகத் துணிக்குள் இறங்குகிறது. உதவி செய்ய வரும் ஃபேரி இந்த முறை ரொம்ப நல்லவர், அதனாலேயே எல்லாவற்றையும் குழப்பிவிடுகிறவர். டோராவைப் பிடித்தவர்களில் பலர், எஃபியை இன்னும் ஒரு படி மேலே வைக்கிறார்கள்.